ஒரு மீன், இரண்டு பெயர்: பலாவுத் தீவினரின் மீன்பெயர் மரபும் ஒரு நூலும்

மீன் உண்ணாதவன் மீன்பெயர்களைப் பற்றி எழுதலாமா? இதை நான் எழுத உட்கார்ந்தபோது என் மனைவியே கேட்டுவிட்டாள். “ஏங்க, மலருக்கு எழுத உங்களுக்கு வேற விஷயமே கெடைக்கலியா? சிந்தாமணி இருக்கு, நாலடியார் இருக்கு. இந்தக் கவிச்சி எதுக்கு?” நியாயமான கேள்விதான். வாசகர்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். தமிழ்ச் சமணக் குடும்பம். படிப்பு பள்ளியிறுதியோடு சரி. 1979இல் கல்கத்தா வந்து, படா பஜாரில் முந்திரிப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். குடியிருப்பு லேக் மார்க்கெட் அருகில். காலையில் பூ வாங்கப் போனாலும் மீன்கடை வரிசையைக் கடந்துதான் போகவேண்டும். இத்தனை வருஷமாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு கடந்து வந்தேன். பாரக்பூர் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் ஒருநாள் ஒரு புத்தகத்தின் நகலை என் கையில் வைத்தார். “நயினாரே, நீங்க மீனைச் சாப்பிட வேணாம். மீனைப் படிங்க. பெயர்னா என்ன, வகைப்பாடுன்னா என்னன்னு தொல்காப்பியத்தை வெச்சிக்கிட்டு எங்களோட சண்டை போடறீங்களே, இதையும் பாருங்க” என்றார்.

அந்தப் புத்தகம், ஆர். ஈ. ஜொஹானஸ் என்ற கடலுயிர் அறிஞர் எழுதி, கலிபோர்னியாப் பல்கலைக்கழக அச்சகம் 1981இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் ஆஃப் த லகூன்’. ‘காயலின் சொற்கள்’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை வியந்தேன். இரண்டாம் தடவை எனக்குச் சில கேள்விகள் எழுந்தன. இரண்டையும் இங்கே வைக்கிறேன்.

தீவும் நூலும்

பலாவு என்பது மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்ஸின் மிந்தனாவோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு தீவுக்கூட்டம். சுற்றிலும் பவளத்திட்டு, அதற்குள் காயல். மொத்த மக்கள்தொகை 20,000ஐக்கூட எட்டாது. நம் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று நான்கு கொடிகளைப் பார்த்த நாடு. 1994இல் சுதந்திர நாடாயிற்று.

அவர்கள் மொழியில் மீனுக்கு ‘ஙிகெல்’ என்று பெயர். மலாய் மொழியின் ‘இகான்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழில் ‘ங’ எழுத்து சொல்லுக்கு முதலில் வர அநேகமாக வழியில்லை. நெடுங்கணக்கில் இடம் உண்டு, வேலை இல்லை. கடல் கடந்து பலாவுக்குப் போனால் அந்த எழுத்து சொல்லின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஜொஹானஸ் 1970களில் அங்கே சென்று 16 மாதங்கள் மீனவர்களிடம் பாடம் கேட்டார். அவருக்கு முக்கிய ஆசான் ஙிரக்லாங் என்ற முதியவர். அதற்கு முன் 15 ஆண்டுகள் வழக்கமான ஆராய்ச்சி முறைகளில் தாம் கண்டறிந்ததைவிட இந்த 16 மாதங்களில் பெற்ற புதுச் செய்தி அதிகம் என்று ஜொஹானஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். படித்தவர் ஒருவர் அச்சில் இப்படி ஒப்புக்கொள்வது எல்லா நாட்டிலும் அபூர்வம்.

எந்த மீன் எந்தப் பிறையில், எந்தத் திட்டின் எந்த வாயில் கூடி முட்டையிடும் என்பதுதான் அந்த முதியவர்கள் சொன்னது. நிலவின் கணக்கில் இனப்பெருக்கம் செய்யும் மீன்வகைகளாக அறிவியல் அதுவரை உலகம் முழுதும் பதிந்திருந்த எண்ணிக்கையைப்போல் இரு மடங்குக்கு மேல் இந்தச் சின்னத் தீவின் மீனவர்கள் அறிந்திருந்தார்கள். காரணத்தை ஜொஹானஸ் விளக்குகிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓத நீரின் ஏற்ற இறக்கம் அதிகம். வடியும் நீர் முட்டைகளைத் திட்டிலிருந்து ஆழ்கடலுக்கு வேகமாகக் கொண்டுபோய்விடும். திட்டில் காத்திருக்கும் வாய்களுக்கு அவை தப்பும். இந்த விளக்கம் ஜொஹானஸுடையது. நாள்கணக்கு மீனவருடையது.

வளர வளரப் பெயர் மாறும்

இனிப் பெயர்களுக்கு வருவோம். பலாவுக் கடலில் கிளிமீன் இனத்தில் ஒரு பெரிய மீன் உண்டு. நெற்றி புடைத்திருக்கும், வாய் கிளி அலகு போலிருக்கும். பவளத்தையே கடித்துத் தின்று மணலாக வெளியேற்றும். வளர்ந்த மீன் ஒன்று ஓர் ஆண்டில் கடித்துத் தள்ளுவது 5 டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதன் சிறியது ‘பெர்டெபெட்’, பெரியது ‘கெமெடுக்ல்’. இதே போல் நெற்றி புடைத்த வேறோர் இனத்து மீன், 2 மீட்டருக்கு மேல்கூட வளரக்கூடியது. அதில் சிறியது ‘ஙிமெர்’, பெரியது ‘மாம்ல்’.

ஹவாய்த் தீவுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கே மடவை மீன் விரல் அளவில் இருந்தால் ‘புவா அமா’, கையளவு ஆனால் ‘கஹஹா’, இன்னும் வளர்ந்தால் ‘அமாஅமா’, ஓர் அடியும் அதற்கு மேலும் ஆனால் ‘அனாயே’. ஒரே மீனுக்கு நான்கு பெயர்.

லத்தீன் பெயர் வைக்கும் அறிஞர்களுக்கு முதலில் இது குழப்பமாகத்தான் பட்டிருக்கும். ஒரு மீனுக்கு ஒரு பெயர் என்பதுதானே அவர்கள் விதி? ஆனால் அவர்களே இதே கிளிமீன்களிடம் ஏமாந்த கதையும் உண்டு. கிளிமீன் வகைகள் பலவற்றில் பெண்ணின் நிறம் வேறு, வளர்ந்த ஆணின் நிறம் வேறு. போதாக்குறைக்குப் பெண்ணே பிறகு ஆணாக மாறுவதும் உண்டு. இது தெரியாமல் ஒரே வகையின் ஆணையும் பெண்ணையும் இரண்டு வகைகளாகப் பதிந்து, பின்னால் வந்தவர்கள் பெயர்களை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. அறிஞர்கள் ஒன்றை இரண்டென எண்ணித் தவறினார்கள். ஹவாய்க்காரரோ நாலும் ஒன்றே என்று தெரிந்தேதான் நாலு பெயர் வைத்தார்.

ஏன் வைத்தார்? இதற்கு என் கடை எனக்கு விடை சொல்லிற்று. முந்திரி ஒரே மரத்துக் காய்தான். ஆனால் படா பஜாரில் யாரும் ‘முந்திரி கொடு’ என்று கேட்பதில்லை. 180, 210, 240, 320 என்றுதான் பேச்சு. ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு என்பதே அந்த எண். 180 என்றால் பெருஞ்சரக்கு, 320 என்றால் சாதாரணம். விலை வேறு, வாங்குகிறவர் வேறு, போகும் இடம் வேறு. எங்கே ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறதோ அங்கே ஒரு பெயர் பிறக்கிறது. பெர்டெபெட் திரிவது காயலுக்குள்ளே, கெமெடுக்ல் திரிவது வெளித்திட்டின் ஓரத்தில். தேடும் இடமும் பிடிக்கும் வழியும் வேறாகும்போது பெயரும் வேறாகத்தானே வேண்டும்!

தமிழ் மரபும் இதை அறியாததல்ல. தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்களைப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகிறது. கடலில் வாழும் சுறாவுக்கும் ‘ஏறு’ என்ற ஆண்பாற் பெயர் உரியது என்கிறது. ஆயினும் ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று இதை வைத்து மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. மரபியல் எந்த உயிர்க்கு எந்தப் பெயர் உரியது என்ற இலக்கணம். பலாவுக்காரர் பெயர்கள் படகில் நின்று சொல்லப்படுபவை. இரண்டும் வேறுவேறு வேலை செய்கின்றன.

எனக்குப் போதாமல் பட்டவை

நூலின் பெருமையைச் சொன்னேன். குறையும் சொல்லவேண்டும்.

முதற்குறை: தலைப்பில் ‘சொற்கள்’ இருக்கிறது. ஆனால் சொற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எந்தப் பெயருக்குள் எந்தப் பெயர் அடங்கும், எங்கே ஒரு பெயர் முடிந்து இன்னொன்று தொடங்கும் என்ற விசாரணை இந்த நூலில் விரிவாக இல்லை. மீனின் நடத்தை பற்றிய செய்தியே ஆசிரியருக்கு வேண்டியிருந்தது. சொல், அதை ஏற்றிவந்த வண்டி. சரக்கை இறக்கியதும் வண்டியை அனுப்பிவிட்டார். இதற்கு முன் 1973இல் ஹெல்ஃப்மன், ராண்டால் என்ற இருவர் பலாவு மீன்பெயர்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். அது பலாவுப் பெயருக்கு நேர் லத்தீன் பெயர் வைக்கும் முயற்சி. பயனுள்ளதுதான். ஆனால் அகராதிக்காரர் இரண்டு மொழியையும் எதிரெதிரே உட்கார வைக்கும்போது, ஒரு மொழி கேள்வி கேட்கிறது, மற்றது பதில் மட்டும் சொல்கிறது. பலாவுப் பெயர்கள் லத்தீனைப் பார்த்து ஏதாவது கேட்டிருக்குமா என்று யோசிக்க அங்கே இடமில்லை.

இரண்டாம் குறை: நூலில் நாம் கேட்பது பெரும்பாலும் ஆண்களின் குரல். திட்டின் ஆழமற்ற இடங்களில் சிப்பியும் கடலட்டையும் சேகரிப்பவர்கள் பெண்கள். அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள், எதை எப்படிப் பிரித்தார்கள் என்பது அதிகம் தெரியவில்லை.

மூன்றாவது, நூலாசிரியர் மீதல்ல, நூலைப் பாராட்டும் வாசகர்கள் மீது. என் நண்பரும் அவர்களில் ஒருவர். “பாருங்க நயினாரே, இவ்ளோ பேரு வெச்சு, இவ்ளோ நுணுக்கமா தெரிஞ்சு வெச்சிருக்கறவன் அழிப்பானா?” என்றார். அறிவு இருந்தால் அருளும் தானே வந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஜொஹானஸே அப்படிச் சொல்லவில்லை. பணப் பழக்கமும் புது வலைகளும் மோட்டார் படகும் வந்தபின் பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்ததை அவர் மறைக்காமல் எழுதுகிறார்.

நான் நண்பரை லேக் மார்க்கெட் மீன்கடைக்கே அழைத்துப் போனேன். அன்றுதான் வேட்டியைத் தூக்கிப் பிடிக்காமல் அங்கே நின்றேன். குட்டி இலிஷ் மீன்கள் குவிந்திருந்தன. அவற்றுக்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் ‘கோக்கா இலிஷ்’. கோக்கா என்றால் சின்னப் பையன். வீட்டுக் குழந்தையைக் கூப்பிடும் சொல். சின்ன இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் ‘கோக்கா, கோக்கா’ என்று கூவித்தான் விற்கிறார்கள். குழந்தை என்று பெயர் தெரிகிறது, கத்தியும் இறங்குகிறது. நண்பர் ஒன்றும் பேசவில்லை.

வங்காளிகளைக் குறை சொல்ல நான் யார்? 180, 210 என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தரம் சொல்லத் தெரியும். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும். உடைக்கும் பெண்களின் விரல் நுனிகள் கருகிப்போயிருக்கும். தொழில் தொடங்கிய புதிதில் சரக்கு பார்க்கப் போன ஓர் ஆலையில் அதைக் கண்டேன். அந்த ஆலைக்காரரிடம் பல ஆண்டு சரக்கெடுத்தேன். பருப்புக்கு எத்தனை பெயர் என்று கேட்டால் சொல்வேன். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூடத் தெரியாது. எறும்புக்குத் தீங்கு வரக்கூடாதென்று விளக்கு வைக்குமுன் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம் எங்களுடையது! பெயர் என்பது நமக்கு எதில் கணக்கு இருக்கிறது என்பதைக் காட்டும். எதில் இரக்கம் இருக்கிறது என்பதைக் காட்டாது. இந்த நூலை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு விளங்கியது இதுதான்.

அதே அறிவு கொல்லவும் உதவும் என்பதற்குப் பசிபிக்கிலேயே சான்று உண்டு. கெமெடுக்ல் இரவில் கூட்டமாக, ஆழமில்லாத நீரில் உறங்கும். அந்த இடம் தெரிந்தவன் கையில் நீருக்குள் எரியும் டார்ச் விளக்கு வந்ததும், உறங்குகிற கூட்டத்தையே ஈட்டியால் குத்தி எடுக்க முடிந்தது. மாம்லை உயிரோடு தொட்டியில் வைத்து விற்கும் ஹாங்காங் உணவகங்களுக்குப் பசிபிக், தென்கிழக்காசியக் கடல்களிலிருந்து சரக்கு போயிற்று. 2004இல் பன்னாட்டு வணிக ஒப்பந்தம் ஒன்று இந்த மீனைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கவேண்டிய நிலை வந்தது. கலவா மீன்கள் அமாவாசைக்கு முந்திய நாட்களில் கூடும் இடம் தெரிந்தால், ஒரு வருஷக் கருவை ஒரே வாரத்தில் வாரிவிடலாம். ஜொஹானஸே 1995இல் இன்னொருவரோடு சேர்ந்து இந்த உயிர்மீன் வணிகத்தின் கேடுகளை எழுதினார். தாம் கேட்டறிந்த ரகசியங்களுக்கு இரண்டு முனை உண்டு என்பதை அவர் உணர்ந்தவர்தான்.

பெயரும் விரதமும்

அப்படியானால் காப்பாற்றுவது எது? பலாவுக்காரரிடம் இன்னொரு சொல் இருக்கிறது: ‘புல்’. நம் புல் அல்ல. முதலெழுத்தை வங்காளிகள் ‘பாபா’ என்பார்களே, அப்படி அழுத்திச் சொல்லவேண்டும். ஊர்த் தலைவர்கள் கூடி, இந்த இடத்தில் இன்ன காலம் வரை மீன் பிடிக்கக்கூடாது என்று விதிக்கும் தடைக்கு அந்தப் பெயர். மீன்பெயர் அறிவையும் நிலவுக்கணக்கையும் அருளின் பக்கம் திருப்பியது இந்தச் சொல்தான் என்பது என் துணிபு.

புது அரசும் அதைக் கைவிடவில்லை. கலவாக்கள் கூடும் ஙெருமெகாவோல் வாய்க்காலைக் குறிப்பிட்ட மாதங்களில் மூட 1976லேயே சட்டம் வந்தது. 1994இன் கடல் பாதுகாப்புச் சட்டம் 5 வகைக் கலவாக்களை ஏப்ரல் முதல் ஜூலை வரை பிடிக்கக்கூடாதென்றது. பின்னர் அந்தக் காலம் நீட்டப்பட்டது. அந்தச் சட்டத்தில் மீன்கள் பலாவுப் பெயராலேயே குறிக்கப்பட்டுள்ளன: தியாவ், தெமெகாய் என்று. நெற்றி புடைத்த மீன்கள் இரண்டுக்கும் சிறியதன் பெயர், பெரியதன் பெயர் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்: பெர்டெபெட், கெமெடுக்ல், ஙிமெர், மாம்ல். ஏற்றுமதி கூடாது என்று தொடங்கி, 2006இல் இவற்றைப் பிடிப்பதே தடையாயிற்று. பெரியதன் பெயரை மட்டும் எழுதியிருந்தால், ‘நான் பிடித்தது கெமெடுக்ல் இல்லை, பெர்டெபெட்’ என்று ஒருவன் வாதாடியிருப்பான். வியாபாரியான எனக்குத் தெரியும், நானே அப்படித்தான் வாதாடியிருப்பேன்!

ஆகவே நண்பருக்கு என் பதில் இது: பெயர் அருள் அல்ல. ஆனால் அருளுக்குப் பெயர் வேண்டும். எதை விடுவது என்று அடையாளம் தெரியாதவன் விரதம் எடுத்துப் பயனில்லை.

என் பாட்டி சொன்ன கதை ஒன்று உண்டு. சமணக் கதை நூல்களில் உள்ளது. மிருகசேனன் என்றொரு மீனவன். முனிவர் ஒருவர் அவனிடம் தொழிலை விடு என்று சொல்லவில்லை. முதலில் வலையில் விழும் மீனை விட்டுவிடு என்று மட்டும் சொல்லி விரதம் கொடுத்தார். அவன் முதல் மீனை விடுமுன், பிறகு தெரிந்துகொள்வதற்காக அதன்மேல் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டினான். அன்றெல்லாம் வலை வீச வீச அதே மீன்தான் வந்தது. ஐந்து தடவை வந்தது. ஐந்து தடவையும் விட்டான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஏச்சு வாங்கினான். மறுபிறப்பில் ஐந்து முறை சாவிலிருந்து தப்பினான் என்று கதை போகும்.

சிறுவயதில் எனக்கு அந்த மறுபிறப்புதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தத் துணிக் கிழிசல்தான் கண்முன் நிற்கிறது. கிழிசல் இல்லாவிட்டால் இரண்டாம் தடவை வந்தது அதே மீனா, வேறா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விரதம் இல்லாவிட்டால் அந்தக் கிழிசலால் என்ன பயன்?

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. சென்னையில் வஞ்சிரம் என்பது இன்னோர் ஊரில் நெய்மீன் ஆகிறது என்று எனக்குச் சொன்னவர்களே அவர்கள்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் ‘மாச்’ அல்லது ‘ஃபிஷ்’. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, குஞ்சுக்கு என்ன பெயர், வளர்ந்ததற்கு என்ன பெயர், எந்த மாதத்தில் எதைப் பிடிக்காமல் விட்டார்கள் என்று எழுதிக் கொடுங்கள். விட்டதை மறக்காமல் எழுதுங்கள். அடுத்த மலருக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் அனுமதி வாங்கியாயிற்று. “படிக்கறதோட நிறுத்திக்கோங்க” என்ற நிபந்தனையோடு!